மேப்பிளுக்கு ஒரு கை உப்பு

ரங்காத்தாளுக்கு எதையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் கையில் வாங்கத் தெரியாது. கொத்தமல்லிக் கட்டாக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பிறவிக் குணம் என்று புருஷன் மருதாசலம் சொல்வார். பிறவிக் குணம் பாதி, பனியன் கம்பெனி கொடுத்தது மீதி. கொமரலிங்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள், மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் செக்கிங் மேசைக்குப் போனாள். தைத்து வந்த பீஸை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே என்று தேட வேண்டும். கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். குறையே இல்லாத பீஸ் வந்தால் அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிடும். எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பாள்.

முட்டிவலி வந்து வேலையை விட்டாள். குணம் கூடவே வீட்டுக்கு வந்தது. பாதி தீர்ந்த ஸ்டிக்கர் ரோல் ஒன்றும் வந்தது.

ஒரே மகன் தரணீதரனுக்குக் கோத்தகிரியில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் அப்பா பல்லடம் பக்கத்துக்காரர்தான். மலைக்குப் போய் நர்சரி வைத்துப் பிழைக்கிறவர். கல்யாணம் முடிந்து முதல் தடவை மகள் வீட்டுக்கு வந்தபோது பழத்தட்டோடு இரண்டு தொட்டிகளையும் இறக்கினார். ஒன்றில் மேப்பிள், இன்னொன்றில் பீச்; பழம் காய்க்கிற பீச் இல்லை, காட்டு மரம். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள், விதை போட்டு அவரே வளர்த்தவை. சம்பந்தி வீட்டுச் சீராக மரம் வந்ததை ரங்காத்தாள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

மருமகள் அனுப்பிரியா பொறுமையாக விளக்கினாள். மேப்பிள் கொஞ்சம் வேகமாக வளரும். வேர் மேலாகவே ஓடும், அதனால் மண் காயக் கூடாது. காலை வெயில் போதும், மதிய வெயில் பட்டால் இலையின் ஓரம் கருகும். குளிர் வந்தால் சிவந்து, அத்தனை இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பீச் நிதானமானது. நிழலிலும் வளரும், கத்தரித்து வேலியாகக்கூட நிறுத்தலாம், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் போயிற்று. குளிரில் அதன் இலையும் காயும். ஆனால் சின்ன மரம் காய்ந்த இலையைக் கீழே விடாது, புதுத் துளிர் வரும்வரை பிடித்துக்கொண்டே நிற்கும். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டுமே கஷ்டம்தான், கிழக்குப் பக்கம் வைத்து, மண்மேல் பனியன் வேஸ்ட் துணியைப் பரப்பிப் பார்த்துக்கொண்டால் தாக்குப் பிடிக்கலாம் என்று அப்பா சொன்னாராம்.

இவ்வளவு சொன்னதில் ரங்காத்தாள் காதில் நின்றது ஒன்றுதான்: இந்த ஊருக்குக் கஷ்டம்.

பிழைக்காது என்று தெரிந்தே ஒரு தகப்பன் மகள் வீட்டுக்கு மரம் கொடுப்பானா? அவள் கணக்குப் போட்டாள். மரம் பட்டுப்போகும். அந்த ஊட்டுத் தண்ணி மரத்துக்கும் ஆகலை, எனக்கும் ஆகலை என்று பெண் சொல்லுவாள். மகனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ரங்காத்தாளுக்குத் தொட்டிக்குள்ளேயே பேய் தெரிந்தது. மகன் இல்லாத வீடு அவளுக்கு வீடே இல்லை. அதனால் இந்த மரம் சாகக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

மரத்துக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பிறந்த ஊரில் தென்னை சோர்ந்தால் வேரடியில் கல்லுப்புப் போடுவார்கள். தென்னைக்குக் கேட்கிற மருந்து தொட்டிச் செடிக்குக் கேட்காதா என்ன? மற்றவர்கள் எழுந்திருக்குமுன் துணியை விலக்கி, மேப்பிளுக்கு ஒரு கை உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே அப்பனுக்குப் போன் போகும், ரெண்டு பேருமாகச் சேர்ந்து சிரிப்பார்கள்.

பீச்சுக்குப் போடவில்லை. மார்கழியில் அதன் இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. காய்ந்த இலையைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம் என்கிற கதையை அவள் நம்பவே இல்லை. செத்ததை மறைக்கச் சொன்ன கதை அது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மேலும் அனுப்பிரியாவுக்குப் பிடித்தது மேப்பிள்தான். அதன் சிவந்த இலையைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புவாள். அந்தச் சிவப்பு சாயமோ என்று ரங்காத்தாள் ஈர வெள்ளைத் துணியால் ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. நல்ல சாயமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாளில் மேப்பிள் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. ரங்காத்தாள் உப்பைக் கூட்டினாள். கருகலும் கூடியது. பழைய கருகல் எது, புதுசு எது என்று தெரிய வேண்டுமே, கருகிய இலைகளில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். மறுநாள் ஸ்டிக்கர் இல்லாத இலையும் கருகியிருந்தது. இது தானாக ஆகிற வேலை இல்லை, யாரோ செய்கிற வேலை என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் இருப்பது நான்கு பேர். மருதாசலத்துக்கு டிவியை விட்டு எழவே சோம்பல். மகனுக்குக் கம்பெனிதான் வீடு. மிச்சம் ஒருத்திதான்.

சமையலறை ஜன்னலிலிருந்து கவனிக்க ஆரம்பித்தாள். நடுவில் தரணீதரன் போனில் அவிநாசிப் பக்கம் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான்; அம்மாவைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அனுப்பிரியா தொட்டி அருகே உட்கார்ந்தாள். அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, ஒரு துளி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

ரங்காத்தாளுக்குப் பளிச்சென்று விளங்கியது. மண் தின்கிறாள்; மசக்கை. நெஞ்சு குதித்தது, அடுத்த நொடியே எரிந்தது. பேரப்பிள்ளையைக்கூட மறைக்கிறாளே. நேரே போய் நின்றாள்.

"எத்தன மாசமாச்சு அம்மிணி? என்கிட்ட எதுக்கு மறைக்கோணும்?"

அனுப்பிரியா விழித்தாள். கேள்வி புரிய நேரமாயிற்று. புரிந்தும் அவள் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தே. மண்ணு இன்னும் உப்புக் கரிக்குதான்னு பாத்தனுங்க." துணியை விலக்கினாள். அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. "மரத்தச் சாகடிக்கறதுக்கு நீங்கதான் போடறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. எத்தன எலை கருகுச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் கணக்கு வேற பாக்கறீங்க. என்னையப் புடிக்காம இப்பிடிப் பண்றீங்கன்னுதான் அவருகிட்டத் தனியாப் போலாம்னு சொன்னனுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை தன் கையாலேயே நடந்திருக்கிறது என்பது ரங்காத்தாளுக்கு மெல்லத்தான் ஏறியது.

"சாகட்டும்னு போடல கண்ணு. பொழைக்கட்டும்னு போட்டேன். எங்கூர்ல தென்னைக்குப் போடுவாங்க. மரம் செத்தா நீ போயிருவியோன்னு பயம்."

சொல்லும்போதே அவளுக்குப் பொய் மாதிரி கேட்டது. வேறொருத்தி வந்து இதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அனுப்பிரியா துணியை மறுபடி மண்மேல் பரப்பினாள்.

"புது ஊட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுங்க அத்தே," என்றாள்.

அதற்குப் பிறகு உப்பு போக இருவரும் சேர்ந்து கேன் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணைக் கழுவினார்கள். மேப்பிள் மிச்ச இலையையும் கொட்டியது. ரங்காத்தாள் யார்மேலும் சந்தேகப்படாமல் இருந்தது அந்த நாட்களில்தான். அவளுக்கு அவள்மேலேயே வேண்டிய மட்டும் இருந்தது.

தை பிறந்து, சாமான் ஏற்ற டெம்போ வந்தது. எல்லாம் ஏற்றியானதும் அனுப்பிரியா தொட்டிகளிடம் வந்தாள். நகத்தால் மேப்பிளின் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தது. பீச்சைச் சுரண்டினாள். காய்ந்த இலை தொங்குகிற அந்தக் கிளைக்குள் பச்சையாக ஈரம் இருந்தது. ரங்காத்தாள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். உப்புப் போடாமல் விட்டதனால் தப்பித்த மரம்.

அனுப்பிரியா மேப்பிள் தொட்டியைத் தூக்கினாள்.

"செத்தத எதுக்கு அம்மிணி தூக்கற? பச்சையா இருக்கறத எடுத்துட்டுப் போ."

"அது உங்களுக்குங்க அத்தே. அப்பா அடுத்த வாரம் வர்றாருங்க. இது இங்க இருந்தா என்னாச்சுன்னு கேப்பாரு. அங்க இருந்தா, நாந்தான் தண்ணி ஊத்தாம உட்டுட்டேன்னு சொல்லிக்கறனுங்க."

தொட்டியின் மறுபக்கத்தை ரங்காத்தாளும் பிடித்துக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து அதை டெம்போவில் ஏற்றினார்கள்.