கோடு போட்ட பெயர்

சமூகவியல் படித்துவிட்டு நான் செய்த முதல் வேலை, றக்வானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி வீட்டு ஆட்களின் விபரம் எழுதியது. ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடக் கூடாது, நாலு பேருக்கு உதவ வேண்டும் என்று கேட்பவர் கேட்காதவர் எல்லாரிடமும் பேசித் தள்ளிய காலம் அது. படிவத்தில் ஒரு விதி இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் அந்த வீட்டு ஆள் இல்லை. அதை எழுதிய புத்திசாலியும் நான்தான்.

கொழும்பில் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு விட்டிருந்த தாய்மார், விசாரணை வருமென்று பயந்து, "இஸ்கோலுக்குப் போயிருக்கா மிஸ்" என்று சாதித்துவிட்டார்கள். நானும் நம்பி எழுதிக்கொண்டேன். லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் இருந்தவள் மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"மூத்தவ கொழும்புல ஒரு வீட்ல நிக்கிறாங்க மிஸ். ஒரு வருசமாச்சி. இப்ப கடுதாசியும் வர்றதில்ல. அவ பேரையும் போட்டுக்கங்க."

பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தேன். அடிமட்டம் வைத்து அதன்மேல் கோடு போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறு வருடம், அந்தப் படிவங்களை வைத்தே வீட்டு வேலைக்கு விடப்பட்ட பிள்ளைகளைத் தேடலாம் என்று சமூகசேவை அலுவலர்களிடம் சொன்னேன். படிவத்தில் பேர் இருந்து பள்ளி வரவு இடாப்பில் இல்லாத பிள்ளை எங்கே என்று போய்க் கேட்டார்கள். பொய் சொன்ன தாய்மார் அழுதுகொண்டே விலாசம் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள் வேனில் திரும்பி வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தில் அவளும் நின்றிருந்தாள். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எம் புள்ளய தேடலீங்களா?"

பட்டியலில் இல்லையென்று தெரிந்தும் தாள்களைப் புரட்டினேன். அடுத்த நாளே விலாசம் வாங்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடினேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். முந்திய குடும்பம் போன மாதம்தான் வேலைக்காரப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காலி பண்ணியதாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகும் தேடினோம். கிடைக்கவே இல்லை.

விதியை மாற்றிவிட்டேன். வேலையிலும் உயர்ந்தேன். ஆனாலும் எந்தப் படிவத்தை விரித்தாலும் கோட்டுக்கு அடியில் அந்தப் பெயர் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

அன்று கொழும்பிலிருந்து வெறுங்கையோடு வந்து காம்பரா வாசலில் நின்ற என்னை அவள் திட்டவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நானும் இஸ்கோலுக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கணுங்களா மிஸ்?"