காதெலும்பில் ஒரு கரும்புள்ளி

கறாரக்காவுக்குச் சிட்டுவைக் கண்டாலே ஆகாது. இருக்காதா பின்னே? பத்தொன்பது வருஷமாக அந்த ஸ்கேன் அறையில் பழம் தின்று கொட்டை போட்டவள் அக்கா. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் சிட்டு. வந்த ஆறே மாசத்தில், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் வாயில், "சிட்டு எடுத்ததா? அப்ப கவலையில்ல" என்கிற பேச்சு. கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பொரிந்து தள்ளுவாள். "அவளும் பட்டனைத்தானே அமுக்குறா?" மனுஷன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார். ரெண்டு காதும் மந்தம். நரம்புக் கோளாறு என்றால் வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான். காதுக்குள் அரிசியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு உண்டு. பக்கத்து எலும்பில் நோய் வந்து அதை அசையவிடாமல் பிடித்திருந்தால், ஆபரேஷனில் சரிசெய்யலாம். வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அக்கா அவசரத்தில், தலைக்கு எடுப்பதுபோலத் தடிமனான துண்டுகளாகவே படத்தைப் பிரித்து அனுப்பிவிட்டாள். நோய் எதுவும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

சிட்டு தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, காதெலும்பை அரை மில்லிமீட்டர் துண்டா பிரிச்சாத்தானே நோய் அரிச்ச கரும்புள்ளி தெரியும்? ஒரு தடவை பாருங்களேன்."

"எனக்கே பாடம் எடுக்குறியா? உன் வேலையைப் பாரு." அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஆனால் சிட்டு சொன்னது சரி என்று அக்காவுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல். புதன்கிழமை சாயங்காலம் மெஷின் அந்த ஸ்கேனின் மூலப் பதிவைத் தானாக அழித்துவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது. ரெண்டு நாள் வீம்பாக இருந்தாள். புதன் மத்தியானம், சிட்டு சாப்பிடப் போன நேரம் பார்த்து உட்கார்ந்து பிரித்தாள். வெள்ளை எலும்பில் கடுகளவு கறுப்பு. ரெண்டு காதிலும் இருந்தது.

படம் போன அஞ்சாவது நிமிஷம் டாக்டர் வந்துவிட்டார். "எலும்பு நோய்தான். அந்த டிரைவர் பிழைச்சார். மறுபடி பிரிச்சுப் பார்க்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான் டாக்டர்." வாய் முந்திக்கொண்டது. அப்போதுதான் கதவோரம் சாப்பாட்டு டப்பாவோடு சிட்டு நிற்பதைப் பார்த்தாள். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஆமா டாக்டர்," என்றாள் சிட்டு. "அக்காவுக்கு இதெல்லாம் கைவந்த வேலை."

டாக்டர் வாயாரப் பாராட்டிவிட்டுப் போனார். ஆறு மாசமாக ஏங்கிய பாராட்டு. அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. நல்லவளா இருக்கிறதுலயும் இவ என்னை முந்திட்டாளே என்று முன்னைவிட அதிகமாக எரிந்தது.