பஸ் ஸ்டாண்டு காட்சியில் எழுந்து போனவர்கள்

பட விநியோக ஆபீசில் ரெப்பாக இருப்பவன் திரையைப் பார்க்கக் கூடாது. திரையைப் பார்க்கிற முகங்களைப் பார்க்க வேண்டும். படப்பெட்டியோடு கொட்டகைக்குப் போய், படம் அந்த ஊரில் இருக்கும் வரை கூடவே இருந்து, தினமும் ஆபீசுக்கு ஓர் அறிக்கை அனுப்புவதுதான் ரெப்பின் வேலை. கார்பன் வைத்து எழுதும் அந்தத் தாளின் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் ‘பலம்’, வலது பக்கம் ‘பலவீனம்’. எந்த இடத்தில் கை தட்டினார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று எழுத வேண்டும். நமக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பட்டம் வாங்கிவிட்டு, அடுத்தவர் முகம் பார்த்தே சம்பளம் வாங்கிய யாருக்கும் இந்த அவஸ்தை புரியும்.

தொண்ணூறுகளில் அப்படி நான் கொண்டுபோன படங்களில் ஒன்று, ரங்கன் என்ற ஓட்டக்காரரைப் பற்றியது. ரங்கனை நான் பார்த்ததில்லை. படம் வருவதற்குச் சில வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவர் கதையை டைரக்டருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் படம் சொன்னது, மீதியைக் கொட்டகை மேனேஜர் சொன்னார். ஆகவே ரங்கனைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் கேள்விப்பட்டதுதான். கொட்டகையில் நடந்ததற்கு மட்டும் நான் பொறுப்பு.

பெட்டி வந்த அன்று

மதுக்கரைப் பக்கம் ஒரு கொட்டகை. சிமெண்டுத் தூசியில் போஸ்டர்கள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். பெட்டியை இறக்கும்போதே மேனேஜர் சின்னசாமி சிரித்தார். ஓட்டக்காரர் படம் ஓடுமா என்ற அந்தச் சிரிப்பை எல்லா ஊரிலும் கேட்டுவிட்டேன், அதை விட்டுவிடுகிறேன். சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். ரங்கனின் ஊர் அங்கிருந்து ஏழெட்டு மைல். அவருடைய அக்கா மாராத்தாள் இன்னும் அந்த ஊரில் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

படத்திலும் அக்கா வருகிறார், ஒரே ஒரு காட்சியில். பெரிய பந்தயத்தில் தோற்றுத் திரும்பும் ரங்கன், வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பார். அக்கா தேடி வருவார். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்காருவார். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து நடப்பார்கள். நாலு நிமிஷம், பின்னணி இசைகூடக் கிடையாது. பி.காமில் ஒரு பேப்பர் போன அன்று நானும் எங்கள் கணபதி ஏரியா பஸ் ஸ்டாப்பில் அப்படி உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடி யாரும் வரவில்லை. எங்கள் வீட்டில் பேப்பர் போவதென்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது.

சின்னசாமி சொன்னார்: “அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் கொட்டாய்க்குள்ள கால் வெச்சதில்லீங்க. தானும் படத்துல வாரது தெரிஞ்சு, ஒரு நாளைக்கு வாரேன்னு சொல்லி உட்டிருக்காங்க. பாத்துக்கங்க தம்பி.”

பாதம்

படத்தில் பலம் இல்லாமல் இல்லை. பால் கேன் கட்டிய சைக்கிளுக்குப் பின்னால் ரங்கன் வெறுங்காலோடு ஓடிப் பழகும் இடத்தில் கொட்டகையே சேர்ந்து மூச்சு வாங்கும். பெஞ்சில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் முழங்காலை அசைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை இடது பக்கம் எழுதினேன். முதல் பந்தயத்தில் ரங்கன் ஒரே பச்சை பனியன்காரரை மூன்று தடவை முந்துவார். அவர் எப்போது திரும்ப முன்னால் போனார் என்று ஒரு பி.டி. வாத்தியார் இடைவேளையில் என்னைப் பிடித்துக் கேட்டார். அதை வலது பக்கம் எழுதினேன்.

நான் கவனிக்காததைக் கவனித்தவர், களை வெட்டிவிட்டு நேராக மாட்னிக்கு வந்த ஓர் அம்மாள். நடிகர் கல்லிலும் முள்ளிலும் ஓடிவந்து மல்லாந்து விழும்போது இரண்டு பாதமும் திரை முழுக்கத் தெரியும். வெளியே போகும்போது அந்த அம்மாள் நின்று சொன்னார்: “பொறந்த கொழந்தைக்குக்கூட உள்ளங்கால் அப்பிடி இருக்காதுங்க. எங்கூட்டுக்காரரு காலையாவது ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்ல!”

டீக்கடைக்காரரின் கோரிக்கை

அறிக்கைக்கு மாட்னிதான் கணக்கு. அதில்தான் குடும்பங்கள் வரும். தவிர, சாயங்கால ஆட்டம் தொடங்கும்போது நான் உட்கார்ந்து அறிக்கை எழுதி, ஆர்.எஸ்.புரத்தில் இருந்த ஆபீசுக்கு ஆறரை மணி பஸ்ஸில் கொடுத்தனுப்பியாக வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாட்னியிலும் ஒரே மாதிரி நடந்தது. ரங்கன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் அங்கொருவர் இங்கொருவராக எழுந்தார்கள். அக்கா வருவதற்குள் முப்பது நாற்பது பேர் வெளியே போயிருந்தார்கள். பெண்களும் போனார்கள். சிலர் காம்பவுண்டுக்குள் இருந்த கடையில் நின்றவாக்கில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேகமாக கேட்டைத் தாண்டினார்கள். மூன்று நாளும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டேன். மூன்று நாளும் நாலே முக்காலிலிருந்து ஐந்துக்குள்.

ஏன் போகிறார்கள் என்று ஒருவரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூச்சம். கண்ணால் பார்த்ததை எழுதுவதுதானே நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். எழுதுவதற்கு முன் கால்மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வலது பக்கம் எழுதினேன்: ‘பஸ் ஸ்டாண்டில் அக்கா வரும் காட்சி. மூன்று நாளும் மக்கள் எழுந்து போகிறார்கள்.’

நான் தாளும் கையுமாக நிற்பதைப் பார்த்துப் பயந்தவர் டீக்கடைக்காரர் ஒருவர்தான்: “ஏனுங்க தம்பி, அந்த சீன்லதானுங்க எனக்கு வியாபாரமே. அதைய வெட்டச் சொல்லி எழுதிப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

போன்

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்கு போன் வந்தது. ஆபீசிலிருந்துதான். அக்கா காட்சியை இன்றைக்கே எடுத்துவிடும்படி, படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு அங்கே ஆறு மாதத் தற்காலிக வேலை. ஐந்து மாதம் முடிந்திருந்தது. அப்படியும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, படத்தில் உண்மையாக இருப்பதே அந்தக் காட்சிதான், ரங்கனின் அக்கா வேறு பார்க்க வரப் போகிறார் என்று சொன்னேன்.

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம். பிறகு ஆபீஸ் மேனேஜர் கோபமே இல்லாமல் கேட்டார்: “பலவீனம்னு நீங்களே எழுதிப்போட்டு, வெட்ட வேண்டாம்னு நீங்களே சொன்னா, நான் எதைய நம்பறதுங்க தம்பி?”

ஒரு விநாடி ஹாரன்

ஆபரேட்டர் ஜோசப் அண்ணன் அதிகம் பேசாதவர். பிளேடால் இரண்டு இடத்தில் வெட்டினார். பிலிம் சிமெண்டு தடவி முனைகளை ஒட்டினார். எடுத்த துண்டைச் சுருட்டி, நூலால் கட்டி, ரீல் டப்பாவின் அடியில் வைத்தார். படத்தோடு வந்தது படத்தோடேயே போக வேண்டும் என்பது அவர் வழக்கம். அப்போதே சொன்னார், முழுசாக எடுக்க முடியாது என்று. பிலிமில் சத்தம், தனக்குரிய படத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பதிவாகி இருக்குமாம். அதனால் காட்சியை வெட்டினாலும் அதன் முதல் சத்தம் முந்தைய துண்டில் மிச்சம் இருந்துவிடும்.

அன்று மாட்னியில் உட்கார்ந்து கேட்டேன். ரங்கன் தோற்று மண்ணில் விழுகிறார். அடுத்த நொடி கழுத்தில் ரோஜா மாலை, மேடை, கூட்டம். நடுவில் இருந்த பஸ் ஸ்டாண்டு இல்லை. ஆனால் மாலை விழும்போது ஒரு விநாடி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அன்றும் சிலர் எழுந்து போனார்கள். வெட்டு இன்னும் தள்ளி விழுந்திருக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் உள்ளே உட்கார மனசு வரவில்லை. மிஷின் ஓடும் கேபினுக்குப் போய் ஜோசப் அண்ணன் பக்கத்தில் நின்றுகொள்வேன். அன்றைக்கு முன் பெஞ்சிலிருந்து வந்த குரல் கூடவே வந்தது: “தோத்தவனுக்கு எதுக்குடா மாலை?”

மாராத்தாள் அக்கா

புதன்கிழமை மாட்னிக்கு அவர் தனியாக வந்தார். அறுபதுக்குப் பக்கம் இருக்கும். புதுச் சேலை, கையில் மஞ்சள் பை. சின்னசாமி டிக்கெட் வாங்கவிடவில்லை. நடுப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காட்சி இல்லை என்பது சின்னசாமிக்கும் தெரியும். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. துண்டு டப்பாவிலேயே இருந்தது, ஒட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். இடைவேளையில் கேபின் படியில் பாதி வரை ஏறினேன். ஆபீசுக்குத் தெரிந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். இறங்கிவிட்டேன். இதை எப்படி எழுதினாலும் நன்றாக இல்லை, அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஓரக் கதவருகே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மண்ணில் விழுந்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஹாரன் அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாலை விழுந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவருகே நின்ற என்னையே கேட்டார்: “ஏனுங்க, நான் போய் அவனைக் கூட்டிட்டு வாரது இதுக்கு மேலதான் வருங்களா?”

கேபினில்

நான் எழுதியதால்தான் அது வெட்டப்பட்டது என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கேபினுக்குக் கூட்டிப்போனேன். மிஷினில் ரங்கனுக்கு இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் அண்ணன் என்னைப் பார்க்காமலே டப்பாவைத் திறந்து, நூலை அவிழ்த்து, இரண்டு முழம் பிலிமைப் பல்புக்கு நேராகப் பிடித்தார். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இத்தினியூண்டா?” என்றார். பெட்டிபெட்டியாக ஒரு பெண், ஓர் ஆண், ஒரு பெஞ்சு. எதுவும் அசையவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பக்கத்துலதானுங்க உக்காந்தேன். ஒண்ணும் கேக்கலீங்க. இது மட்டும் சரியா எடுத்திருக்காங்க.” மாலையைப் பற்றி ஜோசப் அண்ணன் கேட்டார். “மாலையெல்லாம் ஆரும் போடலீங்க சாமி. அன்னிக்கு ஊட்டுக்கு வந்தவன், அதுக்குப் பொறவு ஓடவே இல்லீங்க.” அவரே என் பக்கம் திரும்பி, சமாதானம் சொல்வது போலச் சொன்னார்: “விசனப்படாத கண்ணு. வெட்டாம இருந்தாலும் எங்கூரு சனம் ஆரு பாத்திருக்கப் போறாங்க? அஞ்சு மணி வண்டியை உட்டா ஏழரைக்குத்தான். எல்லாரும் இந்நேரத்துக்கு எந்திரிச்சு ஓடிப்போயிருப்பாங்க. நானும் வாரேனுங்க.”

அஞ்சு மணி வண்டி

அவர் படியிறங்கிப் போன பிறகு என் சட்டைப்பையில் இருந்த கார்பன் நகல்களை எடுத்துப் பார்த்தேன். நாலே முக்காலிலிருந்து ஐந்துக்குள். மூன்று நாளும் என் கையெழுத்தில்தான் இருந்தது. ஜோசப் அண்ணன் துண்டை மறுபடி சுருட்டி நூல் கட்டினார்.

வியாழக்கிழமை கடைசி மாட்னி. நாலே முக்காலுக்கு நான் கொட்டகைக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். உள்ளே ரங்கன் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருக்கும் நேரம். வழக்கம் போல முப்பது நாற்பது பேர் வேகமாக வந்தார்கள். படம் பிடிக்கவில்லையா என்று ஒருவரிடம் கேட்டேன், ஆறு நாள் தாமதமாக. அவர் படியில் கால் வைத்தபடியே சொன்னார்: “படம் நல்லாத்தானுங்க இருக்குது, வண்டி நிக்குமுங்களா?”

ஆக, ரங்கன் படத்தில் நான் கண்டுபிடித்து நேர்மையாக எழுதி அனுப்பிய பெரிய பலவீனம், ஐந்து மணிக்குச் சரியாகக் கிளம்பும் ஒரு டவுன் பஸ் என்பதை ஸ்டாப்பில் நின்று சரிபார்த்துக்கொண்டேன்.