அண்ணியின் மேகசின்கள்

பச்சை நிற ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அண்ணி என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபோது, ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பலகாரம் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் உள்ளே நான்கு கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், வாழைப்பழம் மாதிரி லேசான வளைவு. இரண்டு பிளாஸ்டிக், ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நீங்க ஆபீஸ்ல ஸ்பிரிங் டெஸ்ட் பண்றவருதானுங்க? இந்த நாலுல எது என்னை ஏமாத்துதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அண்ணி மயக்க மருந்து டாக்டர். ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். கோபியில் ப்ளஸ் டூ படித்த காலத்தில், என்.சி.சி. மாணவர் படை முகாமில் ஒரு சின்னத் துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து தோட்டாவும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்படி சுட்டாராம். அதற்கப்புறம் மருத்துவப் படிப்பு, கல்யாணம், அமெரிக்கா, இங்கே மறுபடியும் பரீட்சைகள், மகள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் துப்பாக்கியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பார். நாற்பத்தைந்தாவது வயதில் உடன் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்குப் பிடித்ததை அண்ணி விடவில்லை. அடுத்த வருஷமே போட்டிகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஓடி, மண்டியிட்டு, மரப்பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்து, வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. வீட்டில் அண்ணனுக்கு இது பிடிக்காது. ஆனால் அண்ணி எதையாவது முடிவு செய்துவிட்டால் அண்ணன் அவரைக் கூட்டிப் போகக் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் மேகசின். துப்பாக்கியின் அடியில் செருகும் தோட்டாப் பெட்டி. உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு தோட்டா வெளியேறும்போதும் அடுத்ததை அது மேலே தள்ளித் தர வேண்டும். நான் ஃபோனில் அம்மாவிடம், "அண்ணிக்கு நல்ல மேகசின் செலக்ட் பண்ணிட்டிருக்கோம்" என்று சொன்னபோது, "கோலம், சமையல் எல்லாம் வர்ற மாதிரி பாத்து வாங்கிக் குடு கண்ணு, பாவம் அவளுக்குப் படிக்க ஏது நேரம்" என்றார் அம்மா. நான் திருத்தவில்லை.

அண்ணிக்கு நேர்ந்தது இதுதான். நவம்பரில் ஒரு போட்டி. அதுவரை மூன்றாம் இடத்தில் இருந்தவர், கடைசிச் சுற்றில் பன்னிரண்டாவது தோட்டாவுக்குப் பிறகு விசையை அழுத்தினால் வெறும் 'டிக்'. தட்டி, இழுத்து, சரிசெய்து மறுபடி சுட எட்டு நொடி ஆகிவிட்டது. பதினேழாம் இடம். தோற்றதைவிட, ஏன் என்று தெரியாததுதான் அவரைத் தின்றது. ஆபரேஷன் தியேட்டரில் தினமும் காலையில் மூச்சு இயந்திரத்தின் ஒவ்வொரு குழாயையும் தன் கையால் சோதித்த பிறகே முதல் நோயாளியை உள்ளே விடுகிறவர் அவர். "நேத்து வேலை செஞ்சுதுங்கறதெல்லாம் ஒரு சாட்சியே இல்லீங்க தம்பி" என்று அடிக்கடி சொல்வார். கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம்: விலை கூடினதை வாங்கு, இரும்புதான் நிற்கும், தோட்டாவைப் போட்டே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும். யாரும் எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் எண்ணெய்க் குழாய் வால்வுகள் செய்யும் கம்பெனியில் ஸ்பிரிங் சோதனை செய்கிறவன். வேலை விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியோ நிஜத் தோட்டாவோ என் கைக்கு வரக்கூடாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அதனால் ஏற்பாடு இப்படி: மருந்தில்லாத போலித் தோட்டாக்களை வைத்து அண்ணன் வீட்டுக் கராஜில் நான் சோதிப்பேன், மைதானத்தில் அண்ணி சுடுவார், நான் பத்தடி தள்ளி நின்று நோட்டில் எழுதுவேன். துப்பாக்கிமேல் எனக்கு அப்போதும் ஆசை இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது எனக்குள் என்னவோ விழித்துக்கொண்டது. வட்டமாக இல்லாமல் செவ்வகமாகச் சுற்றிய ஸ்பிரிங். முழுதாக அமுங்கியிருக்கும்போதும், கடைசித் தோட்டாவுக்காக விரிந்திருக்கும்போதும் அது அதே வேலையைச் செய்தாக வேண்டும். இதை யோசித்தவன் யாரோ ஒரு கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் சனிக்கிழமைக் காலைகள் அதிலேயே போயின. இன்னும் எட்டு மேகசின்கள் வந்து மொத்தம் பன்னிரண்டு ஆயின. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை நெயில் பாலிஷால் எண் போட்டோம். சூட்கேஸ் எடைபோடும் தராசால் ஸ்பிரிங்கின் பலத்தை அளந்தேன். இரண்டை நிரப்பி அலமாரியில் வைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தேன், வித்தியாசமே தெரியவில்லை. நிரப்பி வைப்பதால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பது சும்மா பேச்சு. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதில்தான் அது களைக்கிறது. நாற்பது தோட்டா பிடிக்கும் நீளமான ஒன்றை அண்ணி ஆசையாக வாங்கியிருந்தார். குப்புறப் படுத்துச் சுடும்போது அது தரையில் முட்டித் துப்பாக்கியையே தூக்கிவிட்டது, அதை ஒதுக்கினோம். இருபது பிடிக்கும் குட்டையான ஒன்று படுப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. பார்க்கவே பரிதாபமாக, பெயின்ட் உரிந்து, யாரோ பழையதாக விற்ற அலுமினியப் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு தடவைகூட மக்கர் செய்யாதது அதுதான். அண்ணி விதி போட்டார்: ஐந்து முறை முழுதாகச் சுட்டு ஒருமுறையும் நிற்காதது மட்டும் போட்டிக்கு, ஒருமுறை நின்றது பயிற்சிக்கு, இரண்டாம் முறை நின்றது குப்பைக்கு.

நவம்பர் போட்டியின் குற்றவாளியும் பிடிபட்டது. மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு மடிப்புகள் உண்டு. நான்காம் எண்ணில் அவை தலைமுடி அளவு விரிந்திருந்தன, எப்போதோ சிமென்ட் தரையில் விழுந்திருக்க வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். முப்பது கொள்ளும் பெட்டியில் முப்பதையும் திணித்தால் மேலும் அமுங்க ஸ்பிரிங்குக்கு இடம் இருப்பதில்லை. செருகும்போது சரியாகப் பூட்டாமல் போகிறது. இருபத்தெட்டு போட்டால் ஒவ்வொரு முறையும் 'சொடக்'கென்று உட்கார்கிறது. அந்த இருபத்தெட்டைக் கண்டுபிடித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் கராஜில் நின்று பரீட்சை பாஸான பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அப்போதுதான் அண்ணன் மகள் உள்ளே வந்தாள். ஹைஸ்கூலில் பத்தாவது. இங்கேயே பிறந்தவள், எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கோபமோ அழுகையோ வந்தால் மட்டும் தமிழ் வரும். அவளுடைய வெள்ளை நெயில் பாலிஷைக் காணவில்லை என்று தேடி வந்திருந்தாள். மேசையில் வரிசையாக நின்ற கறுப்புப் பெட்டிகளையும் அவற்றின் மேலிருந்த தன் நெயில் பாலிஷையும் பார்த்தாள். நோட்டில் வட்டம் போட்டிருந்த எண்ணைக் காட்டி, இது என்ன இருபத்தெட்டு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பெருமையாக விளக்கினேன். "இப்ப அம்மாவுக்கு ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும். சின்ன மேகசின்னா மூணு தடவை மாத்தணும். ஒவ்வொரு தடவைக்கும் ரெண்டு செகண்ட் மிச்சம்."

"ரெண்டு செகண்டா?" என்றாள். தமிழில்.

அண்ணி கையில் இருந்த போலித் தோட்டாவோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"துப்பாக்கியோட ஒருத்தன் ஸ்கூலுக்கு வந்துட்டா என்ன பண்றதுன்னு எங்களுக்கு டிரில் நடக்கும். கதவைப் பூட்டி லைட் ஆஃப் பண்ணிட்டு மூலையில உக்காரணும். அப்படியும் உள்ள வந்துட்டா என்ன பண்றதுன்னு நாங்களா பேசிப்போம். அவன் மேகசின் மாத்தி ரீலோட் பண்ற நேரத்துல ஓடணும். அதுதான் எங்களுக்கு இருக்கற டைம். அதைத்தான் நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை சனிக்கிழமை கம்மி பண்ணிட்டிருக்கீங்களா?"

"இதெல்லாம் யாரு கண்ணு உனக்குச் சொன்னாங்க?" என்று அண்ணி கேட்டார். "எல்லாருக்கும் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, பாலிஷை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணி பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகும் இரண்டு தடவை கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். அந்த மூன்று மாதத்தில் ஸ்பிரிங்கைப் பற்றி எத்தனையோ கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இருந்த பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதில்லை.

இரண்டு சனிக்கிழமைகள் அண்ணியிடமிருந்து ஃபோன் வரவில்லை. அண்ணன் அவரிடம், "போதும், விட்டுடு" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை அண்ணி வந்தார். கையில் புதிதாக ஆறு மேகசின்கள், ஒவ்வொன்றும் பத்துத் தோட்டா மட்டுமே பிடிப்பவை. "இதையும் அதே மாதிரி டெஸ்ட் பண்ணிடலாமுங்களா?" என்றார். இவற்றோடு போனால் தோற்பது நிச்சயம் என்றேன். தெரியும் என்றார். "விட்டுடலாம்தான். ஆனா விட்டா அவளுக்காக விட்டதா ஆயிரும். அப்புறம் அவளைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அது வேண்டாமுங்க. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதுக்காக அவ சொன்னது காதுல விழாத மாதிரியும் இருக்க முடியாது." இதனால் உலகத்தில் என்ன மாறிவிடும் என்று நான் கேட்க நினைத்தேன். கேட்காமல் தராசை எடுத்தேன்.

மார்ச் மாதப் போட்டியில் அண்ணி பத்துத் தோட்டாப் பெட்டிகளோடு நின்றார். மைதானத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரியவர் அவரை, டாக்டர் என்பதைச் சுருக்கி, 'டாக்' என்றுதான் கூப்பிடுவார். "டாக், பெரியதெல்லாம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். "வீட்டில் இருக்கிறது" என்று மட்டும் அண்ணி சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்கள் ஒருமுறை மாற்றினால் அண்ணி மூன்று முறை மாற்றினார். ஒரு மேகசின்கூட நிற்கவில்லை. அவ்வளவு சுத்தமாக அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசியிலிருந்து நான்காம் இடம்.

திரும்பி வந்தபோது அண்ணன் அரிசிம்பருப்பு சாதம் செய்து வைத்திருந்தார். நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி பத்துத் தோட்டாவோடு போனது மகளுக்குத் தெரிந்திருந்தது. அது சுத்த அசட்டுத்தனம், அதனால் எதுவும் மாறாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அண்ணி ஒத்துக்கொள்கிற மாதிரி தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பாயின்ட் ரெண்டு செகண்ட். ஒரு தடவைகூட அதுக்கு மேல போகலை" என்றார் அண்ணி.

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "இங்கிலீஷ் கிளாஸ்ல என் சீட் ஜன்னல் பக்கம். கதவுக்குப் போக ஆறு செகண்ட் ஆகும். எண்ணிப் பாத்திருக்கேன்."

அண்ணன் அவள் தட்டில் நெய் ஊற்றினார். போதும் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அண்ணி ஆஸ்பத்திரியில் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார் என்பது எனக்கு அண்ணன் மூலம் தெரியவந்தது. மகளுக்குக் கண் கூசுகிறது, ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டாராம். மாற்றிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்து வரிசை. அண்ணி இதை மகளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

இப்போது அவள் ஆஸ்டினில் காலேஜ் படிக்கிறாள். அண்ணி இன்னமும் மாதம் ஒரு போட்டிக்குப் போகிறார், அதே பத்துத் தோட்டாப் பெட்டிகளோடு. கொஞ்சம் வேகம் கூடியிருக்கிறது. நடு வரிசைக்கு வந்திருக்கிறார். போன குளிர்கால லீவு முடிந்து அவளைக் காலேஜில் விட நான் டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன். வழியில் அண்ணியின் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. எப்படியோ அந்த ஆறு செகண்டும் வந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனது தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும் சித்தப்பா. கண்ணு கூசுதான்னு மிஸ் என்னைக் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்." வெளியே பார்த்தபடி சொன்னாள்: "என் ஜன்னல் சீட்டுக்கு என் ஃப்ரெண்டை மாத்தினாங்க. அந்த வருஷம் முழுக்கக் கதவுப் பக்கத்துல உக்காந்துகிட்டு நான் அவளைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லலை." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சொன்னா அம்மா சும்மா இருப்பாங்களா? மறுபடியும் லீவு போட்டுட்டு வந்து, கிளாஸ்ல இருக்கற எல்லாருக்கும் கதவுப் பக்கத்துல சீட் கேப்பாங்க."