அம்மா பிடுங்கிய களை

சென்ற ஆண்டு பனிக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூருக்கு அருகில் நாங்கள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட்டிலிருந்து அப்பா, அம்மா, தங்கை, நான் என நால்வரும் ஊட்டியில் உள்ள ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனாலும் அம்மா அதுவரை அந்தப் பூங்காவுக்குள் கால் வைத்ததில்லை. அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதே அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த மாதம்தான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். தலைப்பு, உழைப்பின் பெருமை. எந்த மேடையையும் வெல்வேன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து விரிப்பை விரித்தோம். சற்றுத் தள்ளி, பூங்காவின் கூலிப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தார். இருபது ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கும் கைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. புல்லுக்கிடையே தெரிந்த களையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் குவித்திருந்தார். அந்தக் குவியலை எங்களுக்கு முன் கவனித்தவர் பூங்காக் காவலர்தான்.

"ஏனுங்கக்கா, வூட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? வேலைக்கு வந்தவங்க சாப்பிடற எடம் ஷெட்டுக்குப் பின்னாலங்க. புல்லுல உக்காரக் கூடாதுங்க."

நான் எழுந்தேன். மேடைத் தமிழ் தானாக வந்தது.

"யாரைப் பார்த்து வேலைக்காரி என்கிறீர்கள்? என் அம்மா வேலைக்காரி அல்ல."

கூட்டம் கூடியது. கைப்பேசிகள் உயர்ந்தன. யாரோ கைதட்டினார்கள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று காவலர் அப்போதே சொல்லிவிட்டார். நான் விடவில்லை, என் பேச்சு இன்னும் உச்சத்தைத் தொடவில்லையே.

அப்போது களை எடுத்தவர்களில் ஒரு பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அம்மாவின் பக்கத்தில் இருந்த களைக் குவியலைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். நான் என்ன சொன்னேன் என்பது அந்தக் கணத்தில்தான் என் காதில் விழுந்தது. என் அம்மா வேலைக்காரிதான். அந்தச் சொல்லை, அதே வேலையைச் செய்பவர்களின் முன்னால், வசவைப் போல உதறித் தள்ளியிருந்தேன்.

அம்மா அதற்குள் டிபன் கேரியரை மூடிவிட்டார். "எந்திரி கண்ணு. பஸ் ஸ்டாண்டுல சாப்பிட்டுக்கலாம்."

நான் அசையவில்லை. அப்படியே போயிருந்தால் அந்தத் தவறான வாக்கியமே என் கடைசி வாக்கியமாக அங்கு நின்றிருக்கும். காவலர் பக்கம் திரும்பினேன். இம்முறை மேடைத் தமிழ் இல்லை.

"நீங்க நெனச்சது சரிதாங்கண்ணா. எங்கம்மா எஸ்டேட்டுல வேலை செய்யறவங்கதான். அதுக்காக எந்திரிக்க மாட்டோம். வேலை செய்யறவங்க புல்லுல உக்காந்தா என்னங்க ஆயிரும்?"

அது மேலே இருப்பவர்கள் போட்ட சட்டம், தான் என்ன செய்வது என்று முணுமுணுத்துவிட்டு அவர் நகர்ந்தார். நிமிர்ந்து பார்த்த அதே பெண் இப்போது அம்மாவிடம் குரல் கொடுத்தார்.

"அக்கா, அந்தப் பக்கம் இன்னும் நாலு நிக்குது. சாப்பிட்டுட்டு அதையும் புடுங்கிருங்க."

"இன்னைக்கு எனக்கு லீவுங்க" என்றார் அம்மா. சிரித்தபடியே கேரியரைத் திறந்தார்.

தக்காளிச் சோற்றை அங்கேயே, அந்த வெயிலிலேயே சாப்பிட்டோம். நாங்கள் கை கழுவும்போது அந்தப் பெண்கள் தூக்குப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் நடந்தார்கள். அன்று நான் பாதியில் விட்ட பேச்சின் மீதி அவர்களுக்கானது; அவர்கள் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள்வரை அதை நான் பேசி ஓயப் போவதில்லை.