கல்லு மூச்சு விடாது

அபூதாஹிருக்குக் ‘கல்லுத் தாஹிர்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, “சரீப் காக்கா, அந்தப் பேர வெச்சதே நீங்கதானே?” என்று பல்லை இளிக்கத் தேவையில்லை.

எனக்குக் கிண்ணியாவில் ஒரு வள்ளம் இருந்தது. பாய் வள்ளம். இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் அப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதில் மூன்று பேர் போவோம்: நான், என் பெண்சாதி பரீதாவின் தம்பி முனாப், பிறகு அபூதாஹிர். முனாப்புக்குக் கை வேலை செய்யும், வாய் அதைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். தாஹிர் காலையில் ஸலாம் சொல்லி ஏறினால், கரைக்கு வந்து ஸலாம் சொல்லி இறங்குவான். இடையில் அவனிடமிருந்து பத்து வார்த்தை வந்தால் அது பெரிய விசயம்.

பேசமாட்டானே தவிர, பிடிவாதக்காரன். நாங்கள் எல்லாரும் தூண்டலை இரும்புக் கம்பியில் கட்டுவோம். அவன் பித்தளைக் கம்பியில் கட்டுவான். வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது பழஞ்சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊரே போய்க் கட்டிலும் கதிரையும் அலுமாரியும் சுமந்து வர, இவன் ஒரு சுருள் பித்தளைக் கம்பியோடு வந்து இறங்கினான். அவன் பெண்சாதி றம்லா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை என்று முனாப் சொல்வான். முனாப் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். அந்தக் கம்பியில் மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, தூண்டலோடு சேரும் இடத்தில் நுனிகளை மீன்வால் மாதிரி விரித்து விடுவான் தாஹிர். ஊரில் வேறு ஒருவரும் அப்படிக் கட்டியதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கயிற்றில் ஏதாவது பட்டால் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். கை காய்த்துப் போனவனுக்கு விரலில் ஒன்றும் தெரியாதாம், பல்லில் தெரியுமாம்.

அறுபத்தோராம் ஆண்டு, கச்சான் காலம். மேற்கிலிருந்து அந்தக் காற்று எழும்பினால் குடாவுக்குள் திரும்பி வருவது பெரும்பாடு. பாயைச் சுருட்டிவிட்டுத் தண்டு வலித்தே வரவேண்டும். ஆகவே வெயில் ஏறுமுன் திரும்புவது எங்கள் வழக்கம். கொட்டியாரக் குடாவின் வாயில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் வெளிச்சவீட்டையும் மறுபக்கம் சுவாமிமலை முனையையும் நேர்பிடித்து நிறுத்தினால், பதினைந்து பாக ஆழத்தில், அதாவது பதினைந்து ஆள் ஆழத்தில், கல் கிடக்கும். கல் என்றால் ஒரு வீட்டு வளவு அளவுப் பாறை. அதன் பொந்துகளில் கலவாய் மீன் இருக்கும்.

கலவாய் தூண்டலை விழுங்கினால் ஓடாது. நேரே பொந்துக்குள் புகுந்து, செவுளை விரித்து இறுகிக்கொள்ளும். இழுத்துப் பார்த்தால் கல்லில் கொளுவின மாதிரியே இருக்கும். கயிற்றைத் தளர விட்டுக் காத்திருந்தால், தப்பிவிட்டோம் என்று நினைத்து அது வெளியே வரும். இது எனக்கும் தெரியாததல்ல. ஆனால் பத்துத் தடவையில் ஒன்பது தடவை கல்லாகத்தான் இருக்கும். அதற்காகக் கச்சானில் மாட்டிக்கொள்ள எவனுக்குப் பைத்தியம்?

அன்றைக்குத் தாஹிரின் கயிறு இறுகியது. கடித்துப் பார்த்தான்.

“மீன்” என்றான். “கொஞ்சம் பொறுங்க காக்கா.”

“கல்லுடா.”

“கல்லு மூச்சு விடாது காக்கா. இது விடுது.”

முனாப் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. நானும் சிரித்தேன். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது, ஊருக்கே தெரியும். கத்தியை எடுத்து அவன் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்துவிட்டேன். அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், சுருட்டி வைத்தான், தண்டை எடுத்து வலிக்கத் தொடங்கினான்.

கரைக்கு வந்ததும் சும்மா இருந்தேனா? துறையில் அக்கரைக்குப் போகிற சனம் நிறைந்து நின்றது. “கேட்டீங்களா கதைய? எங்கட தாஹிர் கல்லுக்கு மூச்சு இரிக்கெண்டு சொல்றான்! கல்லுத் தாஹிர்!” என்று கையைத் தட்டிச் சொன்னேன். சனத்தோடு சேர்ந்து பெயரும் ஆற்றைக் கடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மூதூரிலிருந்து வந்த ஒருவன் அவனைக் ‘கல்லு’ என்று கூப்பிட்டானாம்.

அதன் பிறகு இரண்டு வருசம் தாஹிரின் கை ஒழுங்காக ஓடவில்லை. தூண்டல் உண்மையிலேயே கல்லில் கொளுவியது. கொளுவும்போதெல்லாம் முனாப், “மூச்சு விடுதா மச்சான்?” என்று கேட்பான். தாஹிர் கயிற்றைத் தானே அறுத்துவிடுவான். அவனால் எங்களுக்கும் மீன் குறைந்தது. தம்பலகாமத்தில் வயல் செய்கிற அவன் மச்சினன் கலீலுர் றஹ்மான், நெற்சூடு மிதிக்க ஆள் வேண்டும், வந்துவிடு என்று சொல்லியனுப்பியிருந்தான். தாஹிர் போகவில்லை. கடலை விட்டு அவனுக்கு ஒரு வேலையும் தெரியாது. றம்லா என் வீட்டுக் குசினிக்கு வந்து பரீதாவிடம் அழுதுவிட்டுப் போனாள். “அவர வள்ளத்தால எறக்கிப் போடவேணாமெண்டு சொல்லுங்க ராத்தா. வயலுக்குப் போனா அவர் மனிசனா இரிக்கமாட்டார்.”

ஊரையே புரட்டிப் போட்ட பெரும்புயல் அடித்ததற்கு முந்திய வருசம், அறுபத்து மூன்றில், ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வள்ளத்தைத் தள்ளும்போது நான் சொன்னேன்:

“தாஹிர், இண்டைக்கும் கல்லுல கொளுவினா நாளைக்கு வரவேணாம். வேற ஆள் பாத்திரிக்கன்.”

“ஓம் காக்கா” என்றான். அவ்வளவுதான்.

அதே இடத்தில் போய் நின்றோம். ஏழெட்டுக் கலவாய் எனக்கும் முனாப்புக்கும் கிடைத்தன, எல்லாம் கைப்பிடி அளவு. வெயில் முதுகில் ஏறிற்று. பாயைச் சரிசெய்யச் சொல்ல நான் வாயெடுத்த நேரம் தாஹிரின் கயிறு இறுகியது.

அவன் இழுக்கவில்லை. கடித்தான், கண்ணை மூடினான். முனாப் தன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அவனையே பார்த்தான்.

“என்ன?” என்றேன்.

“மீன்.”

“படச்சவனே! தாஹிர், காத்து வருது. அறு.”

“ஏலாது காக்கா.”

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கத்தியை எடுத்தேன். அவன் கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கையை என் முன்னால் நீட்டினான்.

“அறுக்கிறதெண்டா கையோட அறுங்க.”

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்தேன்.

“சரி. இந்தச் சுருட்டு முடியுற வரைக்கும். முடிஞ்சா நீ கரைக்கு, நான் வேற ஆளுக்கு.”

அவன் கயிற்றைத் தளர விட்டான். நான் வஞ்சகம் இல்லாமல் சொல்கிறேன், ஆத்திரத்தில் சுருட்டை வேகமாகத்தான் இழுத்தேன். “மச்சான், காத்தும் சேந்து பத்துது, அது நியாயமில்ல” என்றான் முனாப். அவனும் இப்போது தாஹிர் பக்கம். சுருட்டு பாதியானது, பிறகு கால்வாசி. உதடு சுட்டது. கடலில் துப்பிவிட்டுக் கத்தியை எடுக்கக் குனிந்தேன்.

தளர்ந்து கிடந்த கயிறு வள்ளத்தின் ஓரத்தில் மெல்ல அசைந்தது. ஒரு முழம் போயிற்று. இன்னொரு முழம். தாஹிர் அவசரப்படவில்லை. மூன்றாவது முழம் போனதும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அடித்து இழுத்தான்.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! கயிறு அவன் உள்ளங்கையைத் தின்றது. மீன் மறுபடி பொந்துக்குள் ஓடப் பார்த்தது. அவன் ஒரு பாகம்கூட விட்டுக் கொடுக்கவில்லை. நானும் பின்னால் பிடித்தேன். பாதி ஆழம் தாண்டியதும் அதன் பலம் குறைந்தது. வயிறு உப்பி, நெல்மூடை மாதிரி மேலே வந்து மிதந்தது. அப்படி ஒரு கலவாயை என் சீவியத்தில் கண்டதில்லை. கொளுக்கியால் குத்தி, செவுளுக்குள் கயிறு கோத்து, வள்ளத்தைச் சரித்துத் தண்ணீரோடு உருட்டி உள்ளே எடுத்தோம். முனாப் பக்கத்தில் படுத்து அளந்தான். அவனைவிட ஒரு சாண் நீளம்.

தாஹிர் கையில் இரத்தம் வழிய வழியத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். முனாப் பாயைச் சுருட்டினான். நான் மீனின் வாயைப் பிளந்து தூண்டலை எடுக்கப் போனேன். மேல்தாடையில் இன்றைய தூண்டல். கீழ்த்தாடையின் மூலையில், சதை மூடி, இன்னொன்று கிடந்தது. பாதி துருவில் போயிருந்தது. ஆனால் அதில் கட்டிய கம்பி போகவில்லை. பச்சை பிடித்த பித்தளை. மூன்று இழை முறுக்கு, நுனியில் மீன்வால்.

இரண்டு வருசத்துக்கு முன் நான் அறுத்த தூண்டல். திரும்பிப் பார்த்தேன், இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அதை வெட்டி எடுத்துச் சாரன் மடியில் செருகினேன்.

துறையில் சனம் கூடிவிட்டது. “கல்லுத் தாஹிர் கல்லையே புடுங்கிட்டு வந்திட்டான்!” என்று கூச்சல். தாஹிர் சிரித்தான். நான் நடக்க நடக்கத் தூண்டல் இடுப்பில் குத்தியது.

நாலு நாள் வைத்திருந்தேன். வெட்கம்தான், வேறென்ன? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். றம்லா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். நான் தூண்டலை அவன் முன்னால் போட்டேன்.

“கலவாயின்ட வாய்க்குள்ள கிடந்த.”

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “என்டதான்.”

“அண்டைக்கு மீன்தான் எண்டு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“ஓம்.”

“அப்ப ஏன்டா ரெண்டு வருசமா வாயத் திறக்கல்ல?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை. “சொன்னனான்தானே காக்கா. நீங்க சிரிச்சீங்க.”

பிறகு கம்பியைச் சாரன் நுனியில் தேய்த்துப் பார்த்து, நல்லாத்தான் இரிக்கி, இன்னும் பாவிக்கலாம் என்று எடுத்து வைத்தான்.

மறுநாள் துறையில் நின்று எல்லாரிடமும் சொன்னேன், தவறு என்மேல்தான், மீனைத்தான் அறுத்தேன், இனி அவனை யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாது என்று. கேட்டார்கள், தலையாட்டினார்கள். “நல்ல விசயம் காக்கா. எங்க, கல்லுத் தாஹிர் இன்னும் வரல்லையா?” என்றார்கள். நான் சண்டைக்குப் போவேன். அவன்தான் என் கையைப் பிடித்து, “விடுங்க” என்பான். அதன் பிறகும் பதினெட்டு வருசம் என் வள்ளத்தில் வந்தான்.

எண்பத்தோராம் ஆண்டு மௌத்தானான். ஜனாஸா அடக்கத்தை அறிவிக்கச் சொல்லப் பள்ளிவாசலுக்கு நான்தான் போனேன். வெறும் அபூதாஹிர் என்று மட்டும் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

“எந்த அபூதாஹிர், சரீப் காக்கா?” என்றார் மோதினார். “எங்கட பள்ளிக்குள்ள மட்டும் நாலு பேர் இரிக்காங்களே.”

அவன் வாப்பாவின் பெயரைச் சொன்னேன். வீதியைச் சொன்னேன். றம்லாவின் பெயரையும் சொன்னேன். மோதினார் விழித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆட்களுக்கு அறிவிக்கவேண்டும்.

“கல்லுத் தாஹிர்” என்றேன்.

“யா அல்லாஹ், கல்லுத் தாஹிர் காக்காவா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, நான் வைத்த பெயரை மூன்று முறை சொன்னார்.