தெப்பக்குளத்தில் நின்ற எஞ்சின்

குளத்துப் பாசியின் வாடையும் பெட்ரோல் வாடையும் ஒன்றாகக் கலந்து நான் முகர்ந்தது ஒரே ஒரு நாள்தான். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயிலின் தெப்பத் திருவிழா அன்று. அந்த வருஷம் கரையில் நின்று தெப்பக் கயிறு இழுக்கப் போதிய ஆள் சேரவில்லை. விழாக் குழுவினர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "எஞ்சின் படகு வெச்சு இழுத்துக்கலாம், நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து சொன்னவர் என் அப்பா.

அப்பா நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்காராதவர். முசரவாக்கம், கூரம் பக்கத்துக் கழனிகளில் டீசல் பம்பு எஞ்சின்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. "எஞ்சின் டாக்டரு" என்று ஊரே அழைத்தது, அவரும் அந்தப் பட்டத்தை ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. எந்த எஞ்சினைத் தொட்டாலும் முதலில் அதற்குச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

கடற்கரைக் குப்பத்திலிருந்து படகும் எஞ்சினுமாக லாரியில் வந்து இறங்கியவர் மாரி. அப்பாவைவிட இளையவர், அதிகம் பேசாதவர். எஞ்சினைப் படகின் பின்பக்கம் மாட்டி, பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் குழாயைச் செருகி, குழாயின் நடுவே இருந்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏற்றி, காலையிலேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டார். ஒரு குறையும் இல்லை. மாலையில் சாமி தெப்பத்தில் எழுந்தருளும் முன்பு, அப்பா தன் வழக்கப்படி எஞ்சினுக்கும் டேங்க் மூடிக்கும் பொட்டு வைத்தார்.

மாரியும் அப்பாவும் எஞ்சின் படகில் ஏறிக்கொள்ள, தெப்பம் கிளம்பியது. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த நான் பக்கத்திலிருந்த தோழிகளிடம் "எங்கப்பா, எங்கப்பா" என்று காட்டிக்கொண்டிருந்தேன். அரைச் சுற்றுக்குள் எஞ்சின் இருமியது, நின்றது. அப்பா மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கிளப்பினால் கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடி நின்றது. திறந்து பார்த்தால் ஓடுவதும் மூடினால் நிற்பதுமாக அது ஆட்டம் காட்ட, குளத்து நடுவில் சாமி நிற்க, கரையில் இருந்தவர்கள் சகுனம் சரியில்லை என்று பேசத் தொடங்கினார்கள்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குது" என்று கரைக்கெல்லாம் கேட்கும்படி அப்பா கத்தினார்.

"காலைல இதே பெட்ரோல்தானேண்ணே ஓடுச்சு" என்று மாரி சொன்னது, கயிறு வீசிப் படகைக் கரைக்கு இழுத்த பிறகுதான் எனக்கே கேட்டது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. "சாமி காரியத்துல போயி கலப்படமாப்பா?" என்று குழுவில் ஒருவர் மாரியின் தோளைப் பிடித்துப் படகிலிருந்து கீழே இறக்கினார். "நான் கலக்கலைங்க" என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது கொண்டுவந்து நிரப்பினார்கள். அப்பா ரப்பர் பந்தை அமுக்கினார். அமுங்கிய பந்து மறுபடி உப்பவில்லை, சப்பிப் போய் அப்படியே கிடந்தது. யோசனையோடு மூடியைத் தளர்த்தினார், "புஸ்" என்றது, பந்து எழுந்தது. அவர் மூடியையே பார்த்தார். பம்பு எஞ்சின் டேங்குகளின் மூடி லொடலொடவென்று இருக்கும், எந்த வழியாகவும் காற்று போகும், அதனால் அவர் வைத்த பொட்டு அதுவரை எந்த எஞ்சினையும் நிறுத்தியதில்லை. இந்த மூடியில் காற்று போக ஒரே ஒரு சின்னத் துளைதான். அதன் மேல் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உள்ளே காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

துண்டு முனையால் அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தவர், கீழ்ப்படியில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பெட்ரோல் மாத்தியாச்சு, இனிமே நிக்காது" என்றார்.

நிற்கவில்லை. மிச்சமிருந்த சுற்றுகள் முடிந்து, திருப்பணி செய்தவர்களுக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அப்பாவுக்கு மாலையும் போட்டார்கள். படகைத் திரும்ப ஏற்றவேண்டுமே என்பதற்காக மாரி கோயிலுக்கு வெளியே லாரி ஓரம் நின்றிருந்தார். தோழிகள் என் கையைப் பிடித்துக் குலுக்க, எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்பாவின் தலையில் இருந்த அந்தப் பட்டுத்துணியை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அந்த அண்ணன் பெட்ரோல் நல்ல பெட்ரோல்தானேப்பா?" என்று கேட்டேன்.

அப்பா தரையைப் பார்த்தபடி, "நான் வெச்ச பொட்டாலதான் சாமி நடுக்குளத்துல நின்னுச்சுன்னு எந்த வாயால சொல்றதுமா? நாளைக்குப் போயி அவனாண்ட சொல்லிக்கறேன்" என்றார். மறுநாள் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. எஞ்சினை நம்ப முடியாது என்று குழுவும் அடுத்த வருஷம் கயிற்றுக்கே திரும்பிவிட்டது.

இப்போது அந்தக் குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். பல வருஷம் தெப்பம் விடத் தண்ணீரே இருப்பதில்லை. அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. வயதாகிவிட்ட அப்பா, பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அதில் மாரி இன்னும் கொஞ்சம் கெட்டவர் ஆகிறார், அப்பா இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர் ஆகிறார். முதலில் தெரிந்தே சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவர் அதை நம்புகிறார். அன்றைக்கு என் முன்னால் தலை குனிந்தாரே, அந்த வெட்கம் அவரிடமிருந்து எங்கேயோ போய்விட்டது.

போன மாதம் என் சின்னவன் கதை முடிந்ததும், மாரியை நினைத்துக்கொண்டு, "அவரு அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போனாரு தாத்தா?" என்று கேட்டான்.

"யாரு?" என்றார் அப்பா.